லீவ் முடிவதற்குள் எழுதி வையுங்கள்: ராணுவப் பணியில் இருப்பவரின் பிள்ளை யாரிடம் வளரும்? முழுமையான வழிகாட்டி

காலையில் ஆபீஸ் திறந்ததும் நாயக் ரேங்க் வீரர் ஒருவர் உள்ளே வந்து, எதுவும் பேசாமல் தன் போனை என் மேசையில் வைத்தார். ஊரில் இருந்து அவர் தம்பி அனுப்பிய போட்டோ அது. கோர்ட் உத்தரவு. "எதிர்மனுதாரர் அழைத்தும் ஆஜராகவில்லை" என்ற வரியை மட்டும் விரலால் காட்டினார். நாலு வயது மகளைப் பற்றிய வழக்கு. சம்மன் கிராமத்து விலாசத்துக்குப் போயிருக்கிறது. அவருடைய அம்மா அதை வாங்கி, படிக்கத் தெரியாததால் டிவிக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டார். மூன்று வாய்தா முடிந்து எக்ஸ்பார்ட்டி (ஒரு தரப்பு வராமலே போடும் உத்தரவு) ஆகும்வரை இவருக்கு ஒன்றும் தெரியாது. "சார், நான் வரமாட்டேன்னு சொல்லவே இல்லையே" என்றார்.

யூனிட் ஆபீஸில் ஹவில்தார் கிளார்க்காகப் பல வருடம் இருந்தவன் நான். லீவ் சர்டிபிகேட்டும், வீரரின் குடும்ப விவரங்களைப் பதியும் பார்ட் டூ ஆர்டரும் தட்டச்சு செய்தே கை தேய்ந்தது. இப்போது வேலூர்ப் பக்கம் ஊரில் இருக்கிறேன். இங்கே தெருவுக்கு நாலு பேர் பட்டாளத்தில் இருப்பார்கள், இல்லை இருந்து வந்திருப்பார்கள். குடும்பம் பிரிகிற நேரத்தில் பிள்ளை யாரிடம் இருப்பது என்ற கேள்வியோடு என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. வக்கீலைப் பார்க்கப் போகும்முன் கையில் என்ன இருக்க வேண்டும், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது வரைக்கும் சொல்ல முடியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லையில் இருப்பதற்காகக் கோர்ட் யாரிடம் இருந்தும் பிள்ளையைப் பறிப்பதில்லை. ஆனால் எல்லையில் இருந்துகொண்டு பேசாமல் இருந்தால், எதிர்த் தரப்பு சொல்வது மட்டும்தான் நீதிபதியின் காதில் விழும்.

சட்டம் எங்கே நிற்கிறது

பிள்ளை விஷயத்தில் இரண்டு சட்டங்கள் முக்கியம். ஒன்று, 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம். எல்லா மதத்தினருக்கும் இதன் கீழ் மனு போடலாம். இன்னொன்று, 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம். இந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, தந்தை இயற்கைப் பாதுகாவலர், அவருக்குப் பின் தாய் என்கிறது. ஐந்து வயது முடியாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவர்களுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. ஆனால் எந்த வழியில் போனாலும் கடைசியில் நீதிபதி பார்ப்பது குழந்தையின் நலனைத்தான். பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே எழுதிவிட்டது.

"தந்தைக்குப் பின் தாய்" என்ற வரி பல பட்டாளத்து வீடுகளில் வீண் கஷ்டம் கொடுக்கிறது. அப்பா லடாக்கில் இருப்பார். இங்கே பேங்கிலோ பள்ளியிலோ "அப்பா கையெழுத்து வேண்டும்" என்று அம்மாவைத் திருப்பி அனுப்புவார்கள். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பேரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது இதே பேச்சைத்தான் கேட்டார். அந்த வழக்கில் 1999 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, "பின்" என்றால் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருள் இல்லை, தந்தை இல்லாத நேரத்தில் என்றும் பொருள் என்று சொன்னது. அப்பா தூரத்தில் இருந்து பிள்ளையின் அன்றாடப் பொறுப்பைக் கவனிக்க முடியாத நிலையில் அம்மா பாதுகாவலராகச் செயல்படலாம். அம்மாக்கள் இந்தத் தீர்ப்பின் ஒரு பிரதியைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

அப்பாக்களுக்குத் தெம்பு தரும் தீர்ப்பு ஒன்றும் இருக்கிறது. 2024 மே மாதம் ராணுவ கர்னல் ஒருவரின் வழக்கில், இரண்டு பிள்ளைகளின் கஸ்டடியையும் உச்ச நீதிமன்றம் தந்தைக்கே கொடுத்தது. அடிக்கடி இடமாற்றம் வரும் வேலை, இவரிடம் பிள்ளை எப்படி வளரும் என்ற வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. குடியிருப்பு, ராணுவப் பள்ளிகள், மருத்துவமனை என்று குடும்பங்களைத் தாங்கும் வலுவான ஏற்பாடு படையில் இருக்கிறது என்றார்கள். பிள்ளைகளும் அப்பாவோடு இருக்கவே விரும்பினார்கள். எல்லா ஜவானுக்கும் இது அப்படியே பொருந்திவிடும் என்று நினைக்க வேண்டாம். ராணுவ வேலையே ஒரு குறை என்று யாராவது வாதாடினால் எடுத்துக் காட்ட இது போதும்.

முதல் படி: காகிதங்கள்

சண்டை முற்றிய பிறகு காகிதம் தேடாதீர்கள். லீவில் ஊரில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை இவை.

குழந்தையின் பிறப்பு பார்ட் டூ ஆர்டரில் ஏறியிருக்கிறதா என்று யூனிட் ஆபீஸில் கேளுங்கள். பிள்ளைக்கு மூன்று வயதாகியும் ஏற்றாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் டிபென்டன்ட் கார்டு, மருத்துவம், கல்விப் படி என்று வரிசையாக எல்லாமே சிக்கும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை, பள்ளியின் போனஃபைட், கல்யாணப் பதிவுச் சான்று எல்லாவற்றுக்கும் இரண்டு செட் பிரதி எடுங்கள். ஒன்று உங்கள் பெட்டியில், ஒன்று பிள்ளை இருக்கும் வீட்டில். கணவன் மனைவிக்குள் பேச்சு இல்லாவிட்டாலும் அசல் எல்லாவற்றையும் ஒருவரே பூட்டி வைப்பது சரியில்லை. ஸ்கூல் அட்மிஷன் நேரத்தில் பிள்ளைதான் தவிக்கும்.

கல்விப் படி பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜனவரி முதல் ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு. பெற்றோரில் ஒருவர்தான் வாங்க முடியும். பிள்ளை அம்மாவிடம் வளர்ந்தாலும் படி அப்பாவின் சம்பளத்தோடுதான் வரும், அதற்குப் பள்ளிச் சான்றை அம்மாதான் அனுப்ப வேண்டும். இந்த ஒரு சான்றுக்காக வருடா வருடம் சண்டை நடக்கிற வீடுகள் உண்டு. சான்றை எந்த மாதம் அனுப்புவது, பணம் எந்தக் கணக்குக்குப் போவது என்று ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதினால் அந்தச் சண்டை இல்லை.

அப்புறம் உயில். அந்த 1956 சட்டப்படி, தந்தை உயிலில் தன் அம்மாவையோ அண்ணனையோ பிள்ளைக்குப் பாதுகாவலராக எழுதி வைத்தாலும், தாய் உயிரோடு இருந்தால் அந்த ஏற்பாடு செல்லாது. தாய்தான் பாதுகாவலர். தாயும் வேறு யாரையும் நியமிக்காமல் காலமானால்தான் அப்பா எழுதியது உயிர் பெறும். அதனால் முடிந்தால் இருவரும் பேசி, இருவர் உயிலிலும் ஒரே பெயர் வரும்படி எழுதுங்கள். பிரிந்து வாழும் தம்பதி இதைப் பேசுவது கஷ்டம்தான். எல்லைக்குப் போகிறவர் இதைப் பேசாமல் போவது அதைவிடக் கஷ்டம்.

இரண்டாம் படி: ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது

இந்த இடத்தில் நேரம் செலவழியுங்கள். ஊரில் வேலை பார்க்கும் அப்பாவுக்காக எழுதிய மாதிரியைத்தான் பெரும்பாலான வக்கீல்கள் நீட்டுவார்கள். "மாதத்தின் இரண்டாவது, நான்காவது ஞாயிறு காலை 10 முதல் மாலை 5 வரை" என்று அதில் இருக்கும். அருணாச்சல எல்லையில் தவாங்கில் இருப்பவருக்கு இரண்டாவது ஞாயிறு எதற்கு? வருடம் முழுக்க 24 ஞாயிறு அவர் வராமல் போனால், "பார்க்கவே வராத அப்பா" என்று அடுத்த மனுவில் எழுதுவார்கள். ஆகவே கிழமைக் கணக்கை விடுங்கள், லீவ் கணக்கில் எழுதுங்கள்.

ஜவானுக்கும் ஜே.சி.ஓ.வுக்கும் வருடத்துக்கு 60 நாள் ஆண்டு லீவ், 30 நாள் கேஷுவல் லீவ். இது உரிமை மாதிரித் தெரிந்தாலும் எப்போது கிடைக்கும் என்பது சி.ஓ. (கமாண்டிங் ஆபீசர்) கையிலும் சூழ்நிலையின் கையிலும்தான். கிடைத்த லீவில் ரயிலில் போகும் நாட்கள் வேறு. அதனால் தேதி குறிக்காமல், தேதி எப்படி முடிவாகும் என்று குறிக்க வேண்டும். நான் பார்த்து, நன்றாக நடந்த ஒரு ஒப்பந்தத்தின் வரிகள் ஏறக்குறைய இப்படி இருந்தன:

"லீவ் அனுமதி கிடைத்த மூன்று நாளுக்குள், வந்து சேரும் நாளையும் திரும்பும் நாளையும் தந்தை எழுத்தில் தாய்க்குத் தெரிவிப்பார். ஊர் வந்த மறுநாள் முதல் மூன்று நாள், பகலில் மட்டும் குழந்தையை அழைத்துச் சென்று மாலை 6 மணிக்குள் திரும்ப விடுவார். நான்காம் நாள் முதல் குழந்தை தந்தையின் வீட்டில் தங்கலாம். பள்ளி நாளில் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பு தந்தையுடையது. திரும்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகக் குழந்தை தாயிடம் வந்துவிடும். லீவ் ரத்தானாலோ பாதியில் அழைக்கப்பட்டாலோ, இழந்த நாட்கள் அடுத்த லீவில் சேர்க்கப்படும். அது தந்தையின் தவறாகக் கருதப்படாது."

அந்த முதல் மூன்று நாளைக் கவனியுங்கள். ஒன்பது மாதம் கழித்து வரும் அப்பா, நாலு வயதுப் பிள்ளைக்கு முதலில் ஒரு மீசை வைத்த அந்நியர்தான். வந்த இரவே தூக்கிக்கொண்டு போனால் அழும். அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு இரண்டு வீட்டாரும் கோபப்படுவார்கள். பகலில் பூங்காவுக்கும் கடைக்கும் கூட்டிப்போய்ப் பழகினால் நாலாம் நாள் பிள்ளையே பையை எடுத்துக்கொண்டு வரும். திரும்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே அம்மாவிடம் விடுவதற்கும் காரணம் உண்டு. அப்பா டிரங்கு கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அன்றே வீடும் மாறினால் பிள்ளைக்கு எல்லாம் ஒரே நாளில் பறிபோகிற மாதிரி இருக்கும்.

கடைசி வரியை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். லீவ் ரத்தாவது அவர் கையில் இல்லை என்பது சிவில் ஆட்களுக்குப் புரிவதில்லை. எழுத்தில் இருந்தால் புரிய வைக்கத் தேவையே இல்லை.

போன் பேசுவது அடுத்தது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், பார்க்கும் உரிமையோடு தொடர்பு கொள்ளும் உரிமையும் முக்கியம் என்றது. பிள்ளை தன்னிடம் இல்லாத பெற்றோர், தினமும் ஐந்து பத்து நிமிடம் பேச முடிய வேண்டும் என்றும் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் "தினமும் இரவு 8 மணிக்கு வீடியோ கால்" என்று ஜவான் எழுதிக்கொடுத்தால் மாட்டிக்கொள்வார். உயரமான போஸ்ட்டில் சிக்னலும் இருக்காது, முறை வந்தால்தான் போனும் கிடைக்கும். பாதுகாப்புக் கட்டுப்பாடுகளும் உண்டு. 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்களைப் போனில் இருந்து நீக்கச் சொல்லி ராணுவம் உத்தரவு போட்டது. ஆகவே ஆப் பெயர் எதையும் எழுதாதீர்கள். "தொடர்பு கிடைக்கும் நாட்களில், மாலை 6 முதல் 8.30க்குள், குழந்தை விழித்திருந்தால், போனில் பேச வைக்க வேண்டும். தொடர்பு கிடைக்காத நாட்கள் விடுபட்டதாகக் கருதப்படாது" என்று எழுதினால் போதும். அந்த நேரத்தில் அழைப்பை எடுப்பது அம்மாவின் கடமை என்பதும் ஒரு வரியாக இருக்கட்டும்.

பிள்ளை எழுதும் கடிதத்துக்கும் படத்துக்கும் இடம் ஒதுக்குங்கள். இருக்கும் இடத்தின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதக் கூடாது, எழுதவும் தேவையில்லை. யூனிட் பெயர், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்ற விலாசம் போதும். எங்கள் ஆபீஸ் தபால் பையில் ஒருமுறை ஒரு உறை வந்தது. உள்ளே நோட்டுத்தாளில் ஒரு குழந்தையின் கை அச்சு, பென்சிலால் சுற்றி வரைந்தது. "இப்போ இவ்ளோ பெருசு" என்று கீழே எழுத்து, அம்மாவின் கை. அந்தக் கணவன் மனைவி அப்போது கோர்ட்டில் இருந்தார்கள். அந்தத் தாள் அவருடைய பே புக்குக்குள் கடைசிவரை இருந்தது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பள்ளியை மாற்றுவது, ஆபரேஷன், பாஸ்போர்ட் ஆகியவற்றுக்கு இருவர் சம்மதம் வேண்டுமா, அவசரத்தில் அம்மா தனியாக முடிவெடுக்கலாமா என்று எழுதுங்கள். போனில் பிடிக்க முடியாதவரின் சம்மதத்துக்காக அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் காத்திருக்க முடியாது. அப்பா இல்லாத மாதங்களில் தாத்தா பாட்டி பிள்ளையைப் பார்க்க மாதம் ஒரு நாளாவது ஒதுக்குங்கள். திருவிழா, பொங்கல், பிறந்தநாள் பற்றி நீண்ட பட்டியல் போடாதீர்கள். பட்டாளத்துக்காரருக்கு லீவ் கிடைத்த நாள்தான் பொங்கல்.

மூன்றாம் படி: அதைக் கோர்ட் உத்தரவாக்குவது

ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி ஊர்ப் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை நிறையப் பேர் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நோட்டரி முத்திரையும் இருக்கும். ஒருவர் மீறினால் அதை வைத்துப் பிள்ளையை உடனே வாங்கித் தர எந்தப் போலீஸாலும் முடியாது. அது கோர்ட் உத்தரவில் சேர்ந்தால்தான் பலம்.

மனு போட வேண்டியது பிள்ளை சாதாரணமாக வசிக்கும் இடத்தின் கோர்ட்டில். அப்பாவின் யூனிட் இருக்கும் ஊரிலோ, அவர் பிறந்த கிராமத்தின் எல்லையிலோ இல்லை. குடும்ப நீதிமன்றம் இருக்கும் இடத்தில் அங்கே, இல்லாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தால், இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் அதே கோர்ட்டிலேயே பிள்ளைக்காக மனு கொடுக்கலாம். இறுதித் தீர்ப்புவரை காத்திருக்கவும் வேண்டாம். இடைக்கால உத்தரவு கேட்க 1890 சட்டத்தின் 12-ஆம் பிரிவு இடம் தருகிறது. லீவ் முடிய மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

பரஸ்பர சம்மத விவாகரத்து என்றால் லீவைக் கணக்குப் போட்டு இறங்குங்கள். முதல் மனுவுக்கும் இரண்டாவது கட்டத்துக்கும் நடுவில் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்று சட்டம். ஒரு லீவில் முடியாது. முதல் கையெழுத்தை இந்த லீவிலும் அடுத்ததை அடுத்த லீவிலும் வைக்கும்படி திட்டமிடுவது ஒரு வழி. நீண்ட காலம் பிரிந்து வாழ்ந்து, பிள்ளையும் ஜீவனாம்சமும் பேசி முடிந்துவிட்டால், அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீலிடம் கேளுங்கள்.

இன்னொன்று, கஸ்டடி உத்தரவு கல்லில் வெட்டியது இல்லை. போஸ்டிங் மாறினால், பிள்ளை வளர்ந்தால், மறுபடி போய்த் திருத்தக் கேட்கலாம். பிள்ளைக்கு விவரம் தெரியும் வயது என்றால் நீதிபதி அதன் விருப்பத்தையும் கேட்பார். கேட்கும் நாளுக்காகப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துக் கூட்டிப்போகாதீர்கள். தினமும் பிள்ளைகளைப் பார்க்கிற நீதிபதிக்கு அது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான்காம் படி: வழக்கு இங்கே, நீங்கள் அங்கே

முதலில் காட்டிய நாயக்குக்கு இந்தப் பகுதி அன்றைக்கே தெரிந்திருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

சம்மன் எப்படி வர வேண்டும் என்பதற்குச் சிவில் நடைமுறைச் சட்டத்தில் தனி விதி உண்டு. எதிர்த் தரப்பு படைவீரர் என்றால், சம்மனைக் கோர்ட் அவருடைய கமாண்டிங் ஆபீசருக்கு அனுப்ப வேண்டும். ஐந்தாம் கட்டளை, 28-ஆம் விதி. கிராமத்து வீட்டில் கொடுத்துவிட்டு "சார்வு ஆனது" (சம்மன் சேர்ந்துவிட்டது) என்று எழுதியிருந்தால் அதைக் காட்டி எக்ஸ்பார்ட்டி உத்தரவை நீக்கக் கேட்கலாம். முப்பது நாள் கெடு. சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால், விஷயம் தெரிந்த நாளில் இருந்து அந்த முப்பது நாள். ஆகவே தெரிந்த அன்றே சூட்சுமமாக ஒரு வேலை செய்யுங்கள்: எப்போது, யார் மூலம் தெரிந்தது என்பதற்குச் சான்று எடுத்து வையுங்கள். அந்த நாயக்கின் போனில் இருந்த போட்டோவின் தேதிதான் பிறகு அவரைக் காப்பாற்றியது.

லீவே கிடைக்காத நிலை என்றால், 28-ஆம் கட்டளை கைகொடுக்கும். தனக்குப் பதிலாக வழக்கை நடத்த யாரை வேண்டுமானாலும் நீங்கள் அதிகாரம் கொடுத்து நியமிக்கலாம். அப்பா, அண்ணன், நம்பிக்கையான நண்பர், யாராக இருந்தாலும் சரி. எழுத்தில், சி.ஓ. முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் மேலொப்பமிட்டதும் ஊருக்கு அனுப்பிக் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். மேலொப்பம் இருந்தால் அதுவே போதிய சான்று, நோட்டரியைத் தேட வேண்டாம். இப்படி நியமிக்கப்பட்டவர் உங்களுக்காக வக்கீலும் வைக்கலாம். ஒரு பக்கம் டைப் செய்ய எனக்குப் பத்து நிமிடம் ஆகும். இருபது வருட சர்வீஸ் ஆட்களுக்கே இப்படி ஒன்று இருப்பது தெரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

லீவ் கிடைத்துவிட்டால், 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் 32-ஆம் பிரிவு. வழக்குக்காக லீவ் கொடுக்கப்பட்டது, அல்லது கேட்கப்பட்டது என்று ராணுவ அதிகாரி தரும் சான்றிதழைக் கோர்ட்டில் கொடுத்து மனு செய்தால், முடிந்தவரை அந்த லீவ் காலத்துக்குள்ளேயே வழக்கை விசாரித்து முடிக்கக் கோர்ட் ஏற்பாடு செய்ய வேண்டும். விமானப் படைச் சட்டத்திலும் இதே பிரிவு இருக்கிறது. சான்றிதழை லீவ் கிளம்பும்முன் யூனிட்டில் கேட்டு வாங்குங்கள். ஊருக்கு வந்த பிறகு கேட்டால் அது வந்து சேருவதற்குள் லீவ் முடிந்துவிடும். முதல் நாளே வக்கீல் மூலம் தாக்கல் செய்யுங்கள், பதினைந்தாம் நாள் அல்ல.

இதற்கெல்லாம் மேலே 1925-ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர்கள் வழக்காடல் சட்டம் இருக்கிறது. போர்ச் சூழலிலோ, கடல் கடந்தோ, மத்திய அரசு அரசிதழில் அறிவித்த இடங்களிலோ பணியில் இருக்கும் வீரர் ஒருவர் வழக்கில் தரப்பாக இருந்து, அவருக்காக யாரும் ஆஜராகவில்லை என்றால், கோர்ட் நடவடிக்கையை நிறுத்தி ராணுவ அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அதையும் மீறி அவருக்கு எதிராகத் தீர்ப்பாகிவிட்டால், நீக்கக் கேட்டு மனு போடலாம். எல்லா ஃபீல்ட் போஸ்டிங்கும் (குடும்பத்தை விட்டுக் களத்தில் இருக்கும் பணி) இதில் வராது. உங்கள் இடம் வருமா என்று யூனிட் ஆபீஸில் கேட்டு, வந்தால் அதற்கும் ஒரு சான்று வாங்குங்கள். சி.ஆர்.பி.எஃப். போன்ற துணை ராணுவத்தில் இருப்பவர்கள் ராணுவச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. இந்தப் பாதுகாப்புகள் தங்களுக்கும் உண்டு என்று நம்பி வாய்தாவை விட்டுவிட வேண்டாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானக் கணக்கு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, அது 1987 சட்டத்திலேயே இருக்கிறது. படைவீரர் குடும்பங்களுக்கென்றே தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலை 26 அன்று ஸ்ரீநகரில் வீர் பரிவார் சகாயதா யோஜனா என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. எல்லையில் இருப்பவருடைய ஊர் வழக்கைக் கவனிப்பதுதான் அதன் நோக்கம். உங்கள் மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும், மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் விசாரியுங்கள். பணியில் இருப்பவரின் மனைவியும் போகலாம். ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள்.

பிள்ளை உங்களிடம் இருந்து, நீங்கள் கிளம்ப வேண்டி வந்தால்

குடும்பத்தோடு இருக்கக்கூடிய பீஸ் ஸ்டேஷனில் குவார்ட்டர்ஸ், ராணுவப் பள்ளி, எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று ஃபீல்ட் ஆர்டர் வரும். கஸ்டடி அப்பாவிடம் இருந்தால் அவர் வழக்கமாகச் செய்வது, ஊரில் இருக்கும் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போவதுதான். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. உங்களுக்கு வந்த கஸ்டடி உங்கள் அம்மாவுக்குத் தானாக மாறாது. பிள்ளையைப் பெற்ற தாய் நல்ல நிலையில் இருக்கும்போது, பாட்டியிடம் விட்டது ஏன் என்று கோர்ட் கேட்கும், கேட்க வேண்டும்.

அதனால் ஆர்டர் கைக்கு வந்ததும், மறைத்து வைக்காமல், மற்றவருக்கு எழுத்தில் சொல்லுங்கள். ஃபீல்ட் காலத்துக்குப் பிள்ளை தாயிடம் இருக்கட்டும், திரும்பியதும் பழைய ஏற்பாட்டுக்கு வரலாம் என்று தற்காலிகத் திருத்தத்தை இருவரும் சேர்ந்து கோர்ட்டில் பதியலாம். "தற்காலிகம்" என்ற சொல்லும், எப்போது முடியும் என்பதும் அதில் இருக்க வேண்டும். ஆனாலும் இரண்டரை வருடம் ஒரு வீட்டில் வேர்விட்ட பிள்ளையைத் திருப்பிப் பிடுங்க எந்த நீதிபதியும் யோசிப்பார். அந்த யோசனை நியாயமானது. அதை மனதில் வைத்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். தாயிடம் விடவே முடியாத காரணம் இருந்தால், கிளம்பும்முன் கோர்ட்டிலேயே அதைச் சொல்லிப் பாட்டியிடம் விட அனுமதி வாங்குங்கள்.

அம்மாவே படையில் இருக்கும் குடும்பங்களும் இப்போது இருக்கின்றன. அவர்களுக்கும் இதே விதிகள்தான். படையில் இருக்கும் பெண்களுக்கு 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்காக மொத்த சர்வீஸில் 360 நாள் குழந்தை வளர்ப்பு லீவ் உண்டு. முன்பு அதிகாரிகளுக்கு மட்டும் இருந்ததை, 2023 நவம்பரில் எல்லா ரேங்க் பெண்களுக்கும் நீட்டித்தார்கள். தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் 2019-ல் குழந்தை வளர்ப்பு லீவ் வந்துவிட்டது. மனைவியை இழந்த ஒரு ஹவில்தாருக்கு இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஆர்டரைக் காட்டினேன், அதை இரண்டு முறை படித்தார்.

ஊரில் பிள்ளையோடு இருக்கும் அம்மாவுக்கு

இதுவரை எழுதியது பெரும்பாலும் தூரத்தில் இருப்பவருக்கு. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவர் நீங்கள். அது எனக்குத் தெரியும்.

வழக்குப் போட்டால் அவருடைய யூனிட் விலாசத்தையே கொடுங்கள். கிராமத்து விலாசம் கொடுத்துச் சீக்கிரம் எக்ஸ்பார்ட்டி வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த உத்தரவு பிறகு உடையும், நீங்கள் முதலில் இருந்து தொடங்க வேண்டும். ஜீவனாம்சம் வரவில்லை என்றால் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் மனு போடலாம். பழைய 125 தான் அது. கூடவே அவருடைய சி.ஓ.வுக்கும் எழுதலாம். மனைவி, பிள்ளைகளின் பராமரிப்புக்காகச் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்க ராணுவச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. கடிதத்தில் ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், யூனிட், பிள்ளையின் பிறந்த தேதி, கடைசியாகப் பணம் வந்த மாதம், இவை மட்டும் போதும். அவரைத் திட்டி நாலு பக்கம் வந்தால், படிப்பவருக்கு எது கோரிக்கை என்று தேடவே நேரமாகும்.

விவாகரத்தானாலும் பிள்ளை அவருடைய டிபென்டன்ட்தான். ராணுவ மருத்துவமனை, கல்விப் படி, ராணுவப் பள்ளி இடம் எல்லாம் பிள்ளைக்குத் தொடரும். கோபத்தில் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

பணம் வரவில்லை என்பதற்காகப் போனை எடுக்காமல் இருக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு. பணத்துக்குக் கோர்ட் இருக்கிறது, சி.ஓ. இருக்கிறார். அப்பா குரலைக் கேட்காமல் போன மாதங்களைப் பிள்ளைக்கு யாரும் பிறகு கொடுக்க முடியாது. அழைத்த நாளையும் பேசிய நிமிடத்தையும் ஒரு டைரியில் எழுதி வையுங்கள். நாளைக்கு "பேசவிடவில்லை" என்று யாராவது சொன்னால் அந்த டைரி பேசும். அந்தப் பக்கம் இருப்பவரும் இதேபோல் எழுதட்டும்.

பிள்ளை போனில் பேச மறுத்தால் கட்டாயப்படுத்தாதீர்கள், ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் விளையாட விடுங்கள். அந்த நாயக்குக்கு எக்ஸ்பார்ட்டி நீங்கி, புதிய ஏற்பாடு வந்த பிறகும் மகள் முதல் இரண்டு மாதம் பேசவே இல்லை. அம்மா போனைத் தரையில் வைத்துவிட்டுப் போவார். இவர் இந்தப் பக்கம் இருந்து, இன்று மெஸ்ஸில் என்ன சமைத்தார்கள், பனியில் நாய்க்குட்டி எப்படி வழுக்கி விழுந்தது என்று தானாகச் சொல்லிக்கொண்டிருப்பார். எட்டு நிமிடம், பத்து நிமிடம். பதில் வராது. பாத்திரம் உருட்டும் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு நாள் நான் வெளியே நின்று கையெழுத்துக்காகக் காத்திருந்தேன். உள்ளே அவர் பேசுவது நின்றுபோனது. பிறகு மெதுவாக, "கறுப்புக் குட்டி இல்ல கண்ணு, வெள்ளைக் குட்டி" என்றார்.